ஓடாத வண்டியின் பாட்டரி

உபயோகிக்காமல் வைத்த பொருள் கெடாது என்பது நம் வீடுகளில் வெகுநாளாக ஊறிப்போன நம்பிக்கை. பரண்மேல் ஏறிய பித்தளை அண்டா, பெட்டிக்குள் போன கல்யாணப் புடவை, பேரனுக்கென்று எடுத்து வைத்த பேனா எல்லாம் இந்த நம்பிக்கையின்பேரில்தான் இருட்டில் கிடக்கின்றன. ஆரணிப் பட்டு நெய்கிற பெரணமல்லூர் போன்ற ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்த நம்பிக்கையில் பாதிதான் உண்டு. பட்டுப் புடவையை மடித்தது மடித்தபடி விட்டுவிட்டால் மடிப்பு விழுந்த இடத்திலேயே இழை இற்றுப்போகும், ஜரிகை ஓடுகிற இடம் முதலில் போகும் என்பது அங்கே குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். சில மாதங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, உதறி, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். உடுத்துகிற புடவையைவிட உடுத்தாத புடவைக்குத்தான் வேலை ஜாஸ்தி என்பாள் என் அம்மா.

மோட்டார் காரின் பாட்டரியும் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். புடவை இற்றுப்போகப் பல வருஷம் பிடிக்கும். பாட்டரிக்கு ஒன்றரை மாதம் போதும்.

எங்கள் வீட்டுக்குக் கார் வந்தது 2018ல். வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி பணம் அனுப்பி வாங்கச் சொன்னான். காரணம் 2006ல் நடந்த ஒன்று. அப்பாவுக்கு ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்சை அடைத்தது. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது 2008ல்தான். ஊரில் வாடகைக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் அன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வேறொரு வண்டியைத் தேடிப் பிடித்து அது வாசலில் வந்து நின்றபோது விடிந்திருந்தது. அதற்கு அப்போது வேலை இல்லை. தம்பி விமானம் பிடித்து வந்து சேர்ந்தது மறுநாள் சாயங்காலம். பன்னிரண்டு வருஷம் கழித்து அவன் வாங்கியது அந்த ராத்திரிக்கான வண்டி. நடுவில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, சாலை அகலமாகிவிட்டது, ஊரில் நாலைந்து பேர் வாடகைக் கார் வைத்துவிட்டார்கள் என்பதையெல்லாம் அவனிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. நான் சொல்லவும் இல்லை.

பழைய கார், சின்னது, பெட்ரோலில் ஓடுவது. அம்மாவுக்குக் கார் ஒத்துக்கொள்ளாது, ஏறினால் குமட்டும். ஆரணிக்கோ வந்தவாசிக்கோ போவதென்றால் பஸ்ஸில் ஜன்னலோரம்தான். ஆகவே அது வீட்டுப் பக்கவாட்டில், துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே, மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை வெளியே போய்வந்து, மற்ற நாளெல்லாம் நின்றது. ஆனால் சாயங்காலம் விளக்கேற்றியபின் அம்மா ஒரு கேள்வி கேட்பாள்: ‘வண்டி கெளம்பும் இல்ல?’ அவள் எங்கும் போக விரும்பியதில்லை. கிளம்பும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு விஷயம் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று.

2020 மார்ச் 24 நள்ளிரவில் ஊரடங்கு வந்தது. நாடு முழுக்க வண்டிகள் நின்ற இடத்தில் நின்றன. தறிகளும்தான். பட்டும் ஜரிகையும் வருவது நின்றது, கல்யாணங்கள் தள்ளிப்போயின அல்லது ஐம்பது பேரோடு முடிந்தன, புடவை யாருக்கு? ஜூனில் கட்டுப்பாடுகள் தளர்ந்து வண்டியை எடுக்கலாம் என்று ஆனபோது எங்கள் தெருவில் இருந்த நான்கு கார்களில் மூன்று கிளம்பவில்லை. சாவியைத் திருகினால் ‘டக்’கென்று ஒரு சப்தம், அவ்வளவுதான். ஆரணியில் பாட்டரிக் கடைக்குப் போனபோது ஒரு நீண்ட பெஞ்சின்மேல் ஊர்ப்பட்ட பாட்டரிகள் வரிசையாகச் சார்ஜில் இருந்தன, மூடியைத் திறந்துவிட்டபடி, உள்ளே மெதுவாகக் குமிழ் விட்டுக்கொண்டு. ஏதோ தர்மாஸ்பத்திரி வார்டு மாதிரி. கடைக்காரர் எங்களுடையதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ‘சல்பேட் புடிச்சிருச்சு சார். சார்ஜ் ஏறும், நிக்காது.’

நிற்கிற வண்டியில் பாட்டரிக்கு என்ன செலவு என்று கேட்கலாம். விளக்கு எரியவில்லை, ரேடியோ பாடவில்லை. ஆனால் இந்தக் காலத்துக் கார் முழுசாகத் தூங்குவதில்லை. கடிகாரம் ஓடுகிறது. என்ஜினை ஆளும் சின்னக் கணினி தன் ஞாபகத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. கதவுப் பூட்டு, எங்கிருந்தோ ஒரு சாவியின் பொத்தான் அழுத்தப்படும் என்று ராப்பகலாகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாம் சேர்த்து 20லிருந்து 50 மில்லி ஆம்பியர். 30 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. சின்னக் காரின் பாட்டரி 35 ஆம்பியர்-மணி. 24 நாளில் பாதி, 48 நாளில் ஒன்றுமில்லை. இது கணக்கு. பாட்டரி புதுசாக இருக்க வேண்டும், முழுக்கச் சார்ஜ் ஆகியிருக்க வேண்டும், சித்திரை மாதமாக இருக்கக்கூடாது என்று பல நிபந்தனைகள் உண்டு. எதையும் இணைக்காமல் சும்மா வைத்தாலும் ஈய பாட்டரி தானாகக் கரையும். பத்து டிகிரி சூடு ஏறினால் அந்தக் கரைதல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வட ஆர்க்காட்டு வெயிலில் பூட்டி வைத்த காரின் பானெட்டுக்கு அடியில் என்ன சூடு இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்காரர் சொன்ன ‘சல்பேட்’ எனக்கு வெகுநாள் வெறும் வார்த்தையாக இருந்தது. பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பாட்டரி மின்சாரம் கொடுக்கும்போது அதன் இரண்டு வகைத் தகடுகள்மேலும் ஈய சல்பேட் படிகிறது. திரும்பச் சார்ஜ் போட்டால் அது கரைந்து ஒருபுறம் ஈயமாகவும் மறுபுறம் ஈய டையாக்ஸைடாகவும் மாறிவிடுகிறது. படிந்த புதிதில் அது மிக நுண்ணிய பொடி. சுலபமாகத் திரும்பி வரும். அப்படியே நாட்கணக்கில் விட்டால் பொடிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய படிகங்களாக இறுகுகின்றன. இறுகியபின் எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் அந்தப் பகுதி திரும்புவதில்லை. பாட்டரி சாவது காலியாவதால் அல்ல, காலியாகவே கிடப்பதால். 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முழுசு, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 12க்குக் கீழே போய் ஒரு மாதம் நின்றால் பெஞ்சில் வைத்துக் குமிழ் விட வைப்பதெல்லாம் சாங்கியம்தான்.

ஈய பாட்டரியைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் பிளாந்தே. வருஷம் 1859. இரண்டு ஈயத் தகடுகளைச் சுருளாகச் சுற்றிக் கந்தக அமிலத்தில் வைத்தார். இதில் என்னைக் கவர்ந்த சங்கதி, அந்தத் தகடுகள் பிறந்த உடனே ஒன்றுக்கும் உதவவில்லை என்பது. மாதக்கணக்கில் சார்ஜ் ஏற்றி, இறக்கி, திசை மாற்றி ஏற்றி, மறுபடி இறக்கி அவற்றைப் பழக்கினார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அதிகமாக வாங்கிக் கொள்ளப் பழகின. 1881ல் காமில் ஃபோர் தகட்டின்மேல் ஈய ஆக்ஸைடுப் பசையைப் பூசி இந்தப் பழக்கும் காலத்தைச் சுருக்கிவிட்டார், தொழிற்சாலைகள் வந்தன. இன்றைய காரில் இருப்பது அந்தப் பசையின் வாரிசு. ஆனாலும் பழக்கம் விட்டால் மறந்துபோகும் குணம் அதனிடம் மிச்சமிருக்கிறது.

இதற்கு ஊரில் வழங்கும் வைத்தியம் ஒன்றுண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கிளப்பிப் பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைப்பது. தெருவில் கார் உள்ளவர்கள் எல்லாரும் செய்கிறார்கள். கோயிலுக்குப் போவதுபோல் ஒரு நியமம். கணக்குப் பார்த்தால் இது தேறாது. ஒரு வாரத்தில் போனது ஐந்து ஆம்பியர்-மணி. நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் என்ஜின் பத்து நிமிஷத்தில் திருப்பித் தருவது ஒன்றோ ஒன்றரையோ. பாட்டரி ஒரே மடக்கில் குடிக்கிற பிராணி அல்ல. அது நிரம்ப மணிக்கணக்கில் அவகாசம் வேண்டும். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளம் விழுந்துகொண்டே வரும். ஓர் அரைமணி, முக்கால் மணி ரோட்டில் ஓட்டினால் சரி. ஆனால் போக வேண்டிய இடம் என்று ஒன்று இருக்க வேண்டுமே.

இன்னொரு வைத்தியம் மலிவானது, நியாயமானது: பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்துவிடுவது. காரின் திருட்டுச் செலவு நின்றுவிடும். பாட்டரி தானாகக் கரைவது மட்டும் மிச்சம். வருஷத்தில் பத்து மாதம் வெளியூரில் இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். எங்கள் வீட்டுக்கு அது சரிப்படாது. ராத்திரி ஒரு மணிக்கு ஸ்பானரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டிய வண்டி, 2006ல் இல்லாத வண்டிக்குச் சமம்.

ஆக, புது பாட்டரியோடு ஒரு சோலார் பேனலும் வாங்கினேன். 10 வாட். ஒரு பெரிய நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்த அளவு. அதனோடு ஒரு சார்ஜ் கன்ட்ரோலர். இரண்டும் சேர்த்து புது பாட்டரியின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

12 வோல்ட் பேனல் என்று கடையில் தருவது உண்மையில் 12 வோல்ட் அல்ல. 36 சிலிக்கன் வில்லைகள் ஒரே சரமாகக் கோர்க்கப்பட்டிருக்கின்றன. ஒன்று அரை வோல்ட் வீதம், வேலை செய்யும்போது 17, 18 வோல்ட். ஒன்றும் இணைக்காமல் வெயிலில் பிடித்தால் 21க்கு மேல். இந்த உபரி வேண்டியிருக்கிறது. சூரியன் சுடச்சுட வில்லைகளின் வோல்ட்டேஜ் குறையும் என்பது பலர் நினைப்பதற்கு எதிரான உண்மை. அவற்றுக்கு வேண்டியது வெளிச்சம். சூட்டை அவை வெறுக்கின்றன. மொட்டைமாடியில் ஏப்ரல் மதியம் பேனலில் கை வைக்க முடியாது. அப்போதும் 14 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் இருந்தால்தான் பாட்டரிக்குள் மின்சாரம் போகும். மேட்டிலிருந்துதானே தண்ணீர் பாயும். ராத்திரி இது தலைகீழாகிவிடும், பாட்டரி பேனலுக்குள் கசியப் பார்க்கும். அதைத் தடுக்க ஒருவழிக் கதவாக ஒரு டையோடு. பாட்டரி நிரம்பியபின் மேலும் மேலும் திணித்தால் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து தகடுகள் வறளும். அதைத் தடுக்கத்தான் கன்ட்ரோலர். நிரம்பியதும் 13.6 வோல்ட் சுமாரில் பிடித்து வைக்கும். சூடான ஊரில் இன்னும் கொஞ்சம் குறைத்துப் பிடிக்க வேண்டும், டிகிரிக்கு 18 மில்லி வோல்ட் வீதம். மலிவான கன்ட்ரோலர்களுக்கு இந்த விவேகம் கிடையாது. கோடையில் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து டிஸ்டில் வாட்டர் மட்டத்தைப் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. ஒயரில் பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். இது அவசியம். பேனலால் வீட்டைக் கொளுத்த முடியாது, பாட்டரியால் முடியும்.

காருக்குள்ளேயே கண்ணாடிக்குப் பின்னால் பேனலை வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எங்கள் வண்டி நிழலில் நிற்பது, ஆகவே பேனல் மாடிக்குப் போயிற்று. தெற்கு பார்த்து, 12, 13 பாகை சாய்வாக. நம் அட்சரேகைக்கு அதுதான் கணக்கு. ஒயர் சுவரோரமாக இறங்கி வந்தது. அப்புறம் நிழல் விவகாரம். 36 வில்லையும் ஒரே சரம் என்பதால் ஒரு வில்லைமேல் தென்னங்கீற்று நிழல் விழுந்தாலும் மொத்தச் சரமும் சோர்ந்துவிடும். ஒரு ஓலை, ஒரு காக்காய் எச்சம், அம்மா மாடிக் கொடியில் போட்ட புடவையின் முந்தானை எல்லாம் எனக்கு விரோதிகள் ஆயின. பக்கத்து வீட்டு அண்ணன் தறி நெய்கிறவர், எழுபது வயசு. மாடியில் நான் முழங்காலிட்டுப் பேனலைத் துடைப்பதைத் தினமும் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்: ‘இது கரண்டு குடுக்குதா தம்பி, இல்ல ஒன்ன வேல வாங்குதா?’

அவர் அப்போது செய்துகொண்டிருந்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரடங்கு வந்த அன்று அவர் தறியில் பாதி நெய்த புடவை ஒன்று இருந்தது. ஊடைக்குப் பட்டு கொஞ்சம்தான் கையிருப்பு. அடுத்து எப்போது வரும் என்று கூலிக்குக் கொடுத்தவருக்கே தெரியவில்லை. இரண்டு நாளில் முடித்துவிடக்கூடிய மிச்சத்தை அவர் இரண்டு மாதம் நெய்தார். காலையில் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து, நாடாவைக் கொஞ்ச நேரம் ஓட்டி, ஒரு விரற்கடை, அரை விரற்கடை நெய்துவிட்டு எழுந்துவிடுவார். ‘பாவு சும்மா நின்னா தொய்ஞ்சிடும், எலி வரும். காலும் மறந்துடும்’ என்றார். புடவைக்குக் கூலி அதே கூலிதான். ஒரு காசு கூடவில்லை. நான் ஒப்பிட்டுப் பேச விரும்பவில்லை. மனுஷனையும் பாட்டரியையும் ஒப்பிடுவது கட்டுரை எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம். ஆனால் மாடியில் பேனல், கீழே அவருடைய தறிச் சத்தம், பத்து நிமிஷம் கேட்டு நின்றுபோவது, இரண்டும் ஒரே கோடையில் இருந்தன.

10 வாட் என்ன சாதிக்கும்? நல்ல வெயிலில் அரை ஆம்பியருக்குச் சற்று மேல். நம் பக்கத்தில் ஒரு நாள் வெயிலை உச்சி வெயில் கணக்காகத் திரட்டினால் ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டரை ஆம்பியர்-மணி. செலவு முக்கால். ஆக, போவதைப்போல் மூன்று மடங்கு வருகிறது; நிரம்பியபின் கன்ட்ரோலர் வேண்டாம் என்று தள்ளிவிடுகிறது. செத்த பாட்டரியை இது எழுப்பாது. வண்டி வராத நாட்களில் கசிந்ததை அன்றன்றைக்கு ஈடுகட்டும், அவ்வளவே. கன்ட்ரோலருக்கே பத்து மில்லி ஆம்பியர் போகிறது; காவல்காரனுக்கும் சம்பளம் உண்டு. சூரிய சக்தி என்றாலே யுகப் புரட்சி என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இந்தச் சின்னக் கணக்கு ருசிக்காது. பேனல் இருபத்தைந்து வருஷம் உழைக்கும். அதோடு இணைத்த ஈய பாட்டரி மூன்று, ஐந்து வருஷத்தில் போய்விடும். கம்பத்தின் உச்சியில் பேனல் பளபளக்க அதன் கீழ் விளக்கு இருண்டு நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். யாரும் பாட்டரியைப் பற்றிப் பேசுவதில்லை. அது பெட்டிக்குள் இருக்கிறது, கறுப்பாக, கனமாக, அழகில்லாமல்.

சிலிக்கன் வில்லை பிறந்தது அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், 1954ல். மேல் விழுந்த வெளிச்சத்தில் நூற்றுக்கு ஆறு பங்கைத்தான் மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைப்பது இருபது பங்கு செய்யும். நம் நாட்டில் சாஹிபாபாத்திலுள்ள சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977ல் முதல் வில்லையைச் செய்தது. ஆனால் இதன் குணம் முதன்முதலில் தெரிந்த இடம் பூமியில் இல்லை. 1958 மார்ச் 17 அன்று அனுப்பிய வான்கார்ட்-1 என்ற ஒன்றரைக் கிலோகூட இல்லாத துணைக்கோளில் இரண்டு ஒலிபரப்பிகள் இருந்தன. ஒன்று சாதாரண பாட்டரியில் ஓடுவது. அது அந்த ஜூனிலேயே ஊமையாகிவிட்டது. மற்றது ஆறு சின்னச் சூரிய வில்லைகளில் ஓடுவது. 1964 வரை பேசியது. அந்தக் கோளம் இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது, பேச்சில்லாமல்.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் நான் கேட்டறிந்த ஒன்று யாழ்ப்பாணத்தில் நடந்தது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடைப் பட்டியலில் டார்ச் விளக்குக்குப் போடும் பாட்டரியும் சேர்ந்திருந்தது. கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டுத் தாளில் பத்திரிகைகள் அச்சான காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். ஒருவர் சுற்ற, நாலைந்து பேர் குனிந்து கேட்க. சுற்றுகிறவர் கை சளைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்துபோகும். அங்கிருந்து வந்த நண்பர் ஒருவர் இதைச் சொல்லிவிட்டு, ‘செய்தியைவிட அந்தச் சுற்றுகிற சத்தம்தான் ஞாபகம் இருக்குது’ என்றார். பேனலைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவு வந்திருக்கிறது. எங்கள் சௌகரியமான கவலையை அவர்களுடையதோடு சேர்த்து வைப்பது அபத்தம் என்று தெரிந்தும்.

கன்ட்ரோலரைக் காருக்குப் பக்கத்துச் சுவரில் பொருத்தியிருந்தேன். அதில் ஒரு பச்சை விளக்கும் வோல்ட்டைக் காட்டும் எண்களும். கண்புரை ஆபரேஷன் ஆன அம்மாவுக்கு எண்கள் தெரியாது, பச்சை தெரிந்தது. விளக்கேற்றிவிட்டு வந்து எட்டிப் பார்ப்பாள். ‘பச்ச எரியுது’ என்பாள். என்னிடம் கேட்பது நின்றுவிட்டது. அவள் சார்பில் நான் காலையில் எண்ணைப் பார்த்து நாள்காட்டித் தாளில் ராகுகாலத்துக்குப் பக்கத்தில் குறித்து வைத்தேன். 12.7, 12.7, 12.8. இலக்கியத் தரமில்லாத இந்த நாட்குறிப்பைப்போல் ஒழுங்காக நான் வேறெதையும் எழுதியதில்லை.

2021 நவம்பரில் தீபாவளியோடு மழை பிடித்தது. வட மாவட்டங்களெல்லாம் வெள்ளம். ஏரிகள் நிரம்பிக் கலிங்கல் வழிந்தன. மூன்று வாரம் வெயில் என்று ஒன்றைப் பார்க்கவில்லை. மூட்டத்தில் பேனல் தருவது வழக்கத்தில் ஆறில் ஒரு பங்கு, சில நாள் பத்தில் ஒன்று. வரவு 0.4, செலவு 0.7. தினம் 0.3 நஷ்டம், கன்ட்ரோலர் சம்பளம் தனி. நாள்காட்டியில் 12.7 மெல்ல 12.6 ஆகி, 12.5 ஆயிற்று. வண்டியை வெளியே எடுக்க முடியாதபடி தெருவில் தண்ணீர். 12.4 ஆனபோது அம்மாவுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. கார்த்திகை தீபத்துக்கு அடுத்த வாரம், ராத்திரி பதினொன்றரை. கன்ட்ரோலர் சம்பளம் நீங்கலாக மூன்று வாரத்தில் போனது ஆறேழு ஆம்பியர்-மணி. பேனல் இல்லாதிருந்தால் பதினைந்துக்கு மேல் போயிருக்கும். அப்போதும் கிளம்பியிருக்குமோ என்னவோ. அதை யாரும் நிரூபிக்க முடியாது. சாவியைத் திருகினேன், கிளம்பிற்று. பக்கத்து வீட்டு அண்ணன் அம்மாவைத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்துத் தானும் ஏறிக்கொண்டார். ஆரணி தாண்டி வேலூர் போய்ச் சேர இரண்டு மணிக்கு மேல் ஆயிற்று. நடுவில் அம்மா ஒருமுறை வாந்தி எடுத்தாள். ஆறு நாளில் திரும்பினாள். திண்ணையில் உட்கார்ந்ததும் முதல் பேச்சு: ‘அண்ணன் வேட்டியத் தொவச்சுக் குடுத்தியா?’

தம்பிக்குப் போனில் சொன்னேன். அவன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், ‘கெளம்பிச்சா?’ என்று கேட்டான். சொன்னதைத்தான் திரும்பக் கேட்டான்.

அம்மா 2023 ஆடியில் போனாள். பகல் பன்னிரண்டு மணி, நல்ல வெயில், பாட்டரி 13.6ல். கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். நான் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. காருக்கு அன்றும் வேலை இல்லை. அவள் பெட்டியிலிருந்த புடவைகளை என் மனைவி மடிப்பு மாற்றி வைக்கிறாள்; இரண்டு இற்றுவிட்டன.

தம்பி வண்டியை விற்றுவிடச் சொல்கிறான். அவனுக்கு அது தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். விலை கேட்க ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போனார். பாட்டரி எந்த வருஷத்தது என்று கேட்டு, 2020 என்றதும் நம்பவில்லை. மூன்று நாலு வருஷத்தில் போகவேண்டியது ஐந்து தாண்டியும் நிற்கிறது. போன வாரம் பக்கத்து வீட்டு அண்ணன் மதில்மேல் எட்டிப் பார்த்து, மருமகளுக்கு இது ஒன்பதாம் மாசம், வண்டி எங்கேயும் வெளியூர் போகுமா என்று விசாரித்தார். போகாது என்றேன். மாடியிலிருந்து இறங்கும் ஒயரை எலி கடித்திருக்கிறது. மூன்று முழம் மாற்ற வேண்டும். ஆரணிக்குப் போகும்போது வாங்கி வர வேண்டும், ஃபியூஸும் ஒன்று.